கப்பல் மாதிரியில் கிராதி ஒட்டுவதா, விடுவதா?

கேள்வி: செப்டம்பர் 4
1/700 அளவில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாதிரி செய்துகொண்டிருக்கிறேன் அண்ணே. எட்டு மாதமாகிறது. உடல், பீரங்கி, புகைபோக்கி எல்லாம் முடிந்துவிட்டன. பித்தளைப் பாகங்களில் கைப்பிடிக் கிராதி மட்டும் பாக்கி. அந்த உறையைத் திறக்கவே மனம் வரவில்லை. கிராதி இல்லாவிட்டால் அது அரைகுறைக் கப்பல் என்கிறார் ஒரு நண்பர். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

செப்டம்பர் 4, இரவு 11:10
விட்டுவிடுங்கள் தம்பி. கிராதி இல்லாமலே முடியுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். நிஜக் கப்பலின் கைப்பிடிக் கம்பி 2 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்வோம். 700ஆல் வகுத்தால் 0.03 மி.மீ. நாம் வாங்கும் பித்தளைத் தகடு பெரும்பாலும் 0.1 மி.மீ. வரும். அதைத் திரும்ப 700ஆல் பெருக்கினால் 7 செ.மீ. மூங்கில் கழியால் வேலி கட்டிய போர்க்கப்பலை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் கண். ஒரு மீட்டர் தூரத்தில் 0.3 மி.மீ.க்கும் குறைந்த இடைவெளி சாதாரணக் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. 1/700இல் அது நிஜத்தின் 20 செ.மீ. வீட்டுக்கு வருகிறவர் அலமாரிக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால், நிஜக் கப்பலை 700 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கிறார் என்று அர்த்தம். அங்கிருந்து எந்தக் கிராதி தெரியும்? ஆள் உயரமே 2 மி.மீ.தான்.

செப்டம்பர் 5, காலை 7:40
எம்.ஆர்.டி. ரயிலில் வரும்போது நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கை ஏன் அவ்வளவு வேகமாக எடுத்து நீட்டினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

என்னிடமும் அதே கப்பல் இருக்கிறது. நம் சிங்கப்பூர் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது நினைவிருக்கும். அதற்குச் சில மாதம் முன்பு, பழைய கைக்கடிகாரங்களுக்கும் அறுந்த சார்ஜர்களுக்கும் நடுவே, மூலை நசுங்கிய ஒரு தமியா கம்பெனி கப்பல் கிட் பெட்டியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் சட்டங்கள் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தன. கிழவர் பத்து வெள்ளி கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

அப்புறம் அதற்குப் பித்தளைத் தகடு, மரத்தளம் என்று வாங்கிக்கொண்டே போனேன். பத்து வெள்ளிக் கப்பலுக்கு நூற்றைம்பது வெள்ளிக்கு நகை. வாங்கியதை எல்லாம் ஒட்டித்தான் ஆகவேண்டும் என்ற நினைப்பு எப்போது வந்தது என்று தெரியவில்லை. வந்த நாளிலிருந்து அந்த மேசையில் உட்காரப் பிடிக்கவில்லை.

முன்பக்கக் கிராதியை ஒட்டிய இரவை மறக்கமாட்டேன். மின்விசிறி போட்டால் பாகம் பறக்கும், போடாவிட்டால் வியர்வை சொட்டும். இடுக்கியில் பிடித்த துண்டு மூன்று முறை துள்ளியது. எப்படியோ ஒட்டி முடித்து, தூசி படக்கூடாது என்று கண்ணாடிப் பெட்டியால் மூடிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் தளம் முழுக்க விபூதி பூசியது போல் வெள்ளைப் படலம். சூப்பர் குளூவின் ஆவி வெளியே போக வழியில்லாமல், நம் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து, ஒட்டிய இடத்தைச் சுற்றிப் படிந்துவிட்டது. சுத்தம் செய்யப் போனேன், சாயம் உரிந்தது. கப்பலைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மூன்று வருடம் அங்கேயே கிடந்தது.

அதனால்தான் ‘விட்டுவிடுங்கள்’ என்று சட்டென்று வந்தது. அந்த ராத்திரிதான் அப்படிப் பேசவைத்தது.

செப்டம்பர் 5, மதியம் 1:05
ஆள் உயரத்தைத் தப்பாக எழுதிவிட்டேன், சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 1.7 மீட்டர் ஆள் 700ஆல் வகுத்தால் 2.4 மி.மீ. இந்த அளவில் 0.4 மி.மீ. என்பது சின்ன விஷயமில்லை. 2 மி.மீ. ஆள் பள்ளிக்கூடப் பையன் உயரம்தான் வருவான்.

செப்டம்பர் 7, இரவு 10:20
என் கண் கணக்கை ஒருவர் உடைத்துவிட்டார். அவர் சொன்னது சரி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும்.

தூரத்து மின்கம்பியை யோசித்துப் பாருங்கள் என்றார். கிராமத்துச் சாலையில் இரண்டு வயல் தள்ளி ஓடும் கம்பி. கணக்குப்படி அது கண்ணுக்குத் தெரியவே கூடாது. ஆனால் தெரிகிறது. வெளிச்சமான வானத்துக்கு எதிரே கருப்பாக நீண்டு ஓடுவதால் தெரிகிறது. இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பது வேறு, ஒரு கோடு இருக்கிறது என்று உணர்வது வேறு. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

சோதித்துப் பார்த்தேன். கிராதி ஒட்டிய முன்பக்கத்தையும் ஒட்டாத பின்பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு மீட்டர் தள்ளி நின்றேன். கம்பி எதுவும் தனியாகத் தெரியவில்லை. ஆனால் முன்பக்க ஓரம் மென்மையாக, யாரோ பென்சிலால் லேசாக நிழல் கொடுத்தது போல் இருந்தது. பின்பக்க ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தது. வித்தியாசம் உண்டு. நான்காம் தேதி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மூங்கில் வேலி பற்றிய மீதிப் பாதி நிற்கிறது. கிட்டே வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் அது மூங்கில்தான்.

செப்டம்பர் 14, இரவு 9:50
கம்பங்களுக்கு இடையில் கம்பி வடம் கட்டுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இது எனக்குப் பிடித்த வேலை, அதனால் நீளமாகப் போகும்.

நூல் வேண்டாம், எவ்வளவு மெல்லிய நூலிலும் பிசிறு தெரியும். பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு சாண் நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரில் படாமல், இரண்டு கையாலும் பிடித்து உருட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பிறகு நடுவில் ஒரு பளபளப்பு வரும், லேசாகத் தொய்யும். அந்த நேரத்தில் சுடரிலிருந்து விலக்கி, ஒரு மூச்சு விட்டு, இழுக்கவேண்டும். உடனே இழுத்தால் அறுந்துவிடும், தாமதித்தால் நீளாது. வேகமாக இழுத்தால் தலைமுடியைவிட மெல்லிய இழை, மெதுவாக இழுத்தால் தடித்த இழை. இரண்டு கையும் விரிந்த நீளத்துக்கு ஓர் இழை காற்றில் மிதந்துகொண்டு நிற்கும். எத்தனையோ வருடமாகச் செய்கிறேன், அந்த ஒரு நொடி இன்னும் அலுக்கவில்லை.

ஒட்டிய பிறகு தொய்வாக இருந்தால் கவலை வேண்டாம். ஊதுபத்தி ஒன்று கொளுத்தி, கங்கை இழைக்கு அருகே, தொடாமல் கொண்டுபோங்கள். சூட்டில் பிளாஸ்டிக் சுருங்கி, வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொள்ளும். அரை விநாடி அதிகமானால் அறுந்துவிடும். தேக்காவில் வாங்கிய மல்லிகை ஊதுபத்தியில்தான் செய்வேன். வாசம் வந்தாலே “இன்றைக்கு எந்தச் சாமிக்கு?” என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்பாள்.

கவனித்தீர்களா, இந்த வடமும் கிராதி போலத்தான். கணக்குப்படி இதுவும் தடிமன். ஆனால் இதை யாரும் செய்யச் சொல்லாமலே செய்கிறேன்.

செப்டம்பர் 22, இரவு 9:35
இன்றைக்குத் தேதி 22 என்பதால் தடம் மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1914 செப்டம்பர் 22 இரவுதான் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு முன்னால் வந்து நின்று குண்டு போட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரைமணி நேரத்தில் போய்விட்டது. ஆனால் ஊர் அதை மறக்கவில்லை. இன்னும் நம் வீடுகளில் சாமர்த்தியக்காரனை ‘அவன் சரியான எம்டன்’ என்கிறோம். என் பெரியம்மா ஈசூனில் பிறந்து வளர்ந்த தன் பேரனை இன்றும் அப்படித்தான் திட்டுகிறார். அது ஒரு கப்பலின் பெயர் என்று அந்தப் பையனுக்குத் தெரியாது.

எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்கக் கித்தானில் நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்தது. 1914 அக்டோபர் 28 விடியற்காலை அந்த வேஷத்தோடுதான் பினாங்கில் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதன் கதையை முடித்தது. பிடிபட்ட எம்டன்காரர்களில் சிலரை நம் சிங்கப்பூரில் தங்ளின் முகாமில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். 1915 பிப்ரவரி 15 சிப்பாய்க் கலகத்தில் அந்த முகாமும் திறந்துவிடப்பட்டது.

எனக்கு இதையெல்லாம் தெரியவைத்தது ரெவெல் கம்பெனியின் 1/350 எம்டன் கிட். 34 செ.மீ. நீளம். கிராதிப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்தக் கித்தான் புகைபோக்கியைச் செய்தே தீரவேண்டும் என்று தோன்றியது. டிஷ்யூ காகிதத்தில் ஒரு படலத்தை மட்டும் பிரித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, ஒரு குச்சியில் சுற்றி, காய்ந்ததும் உருவினேன். ஒரு பக்கம் கொஞ்சம் அமுங்கிப்போனது. அப்படியே விட்டேன். காற்று அழுத்தும் துணி அப்படித்தானே இருக்கும்.

வீட்டுக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ‘இது ஏன் இப்படி நசுங்கியிருக்கிறது?’ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

அக்டோபர் 6, இரவு 8:15
நிறம். சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் சண்டை போட விருப்பமில்லை. பிரிட்டிஷ் கடற்படைச் சாம்பலில் 507ஏ கருமை, 507சி வெளுப்பு. இது வரைக்கும் எல்லாரும் ஒத்துப்போகிறோம். 1941 டிசம்பரில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் திட்டுத் திட்டாக மறைப்புச் சாயத்தோடு வந்தது. படங்கள் கருப்பு வெள்ளை. ஒரு திட்டு பச்சை கலந்த சாம்பலா, நீலம் கலந்ததா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். உடைத்துக்கொள்வதில் அவர்களுக்குச் சந்தோஷம் இருந்தது, அதனால் அது வீண் இல்லை. எனக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. கிட் தாளில் சொன்ன நிறத்தில் பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்து அடித்துவிட்டேன். சின்ன உருவத்தில் நிஜ நிறம் கருத்துத் தெரியும், அதற்காகத்தான் வெள்ளை.

அக்டோபர் 9, காலை 6:50
கப்பல்மேல் வைக்கும் வால்ரஸ் விமானத்தின் தொலைந்துபோன இறக்கை கிடைத்துவிட்டது. சமையலறை மிதியடியில். 20 மி.மீ. நீளம், பதினோரு நாள் ஐந்து பேர் மிதித்தும் உடையவில்லை.

அக்டோபர் 19, இரவு 10:45
ஆரம்பத்தில் கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். ‘அப்படியானால் பிடித்ததை மட்டும் செய்யலாம் என்கிறீர்களா? அது சோம்பலுக்குச் சாக்காகிவிடாதா?’

இந்தக் கேள்வி ஒரு வாரமாக என்னோடு இருக்கிறது.

என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். போன மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து கப்பலின் படகுகளுக்குச் சாயம் அடித்தாள். பெரியது இரண்டு செ.மீ.கூட இல்லை. உள்ளே இருக்கைப் பலகைகள் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிட்டாள், பூதக்கண்ணாடி கேட்டாள். ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாக மரநிறத்தில் அடித்தாள். ஒரு படகுக்கு ஒரு மாலை. ஒன்பது மணிக்கு எழுப்பவேண்டியிருந்தது, சாப்பிடவே மறந்துவிட்டாள். அதே பிள்ளையைப் பீரங்கிக் குழல்களை உப்புத்தாளில் தேய்க்கச் சொன்னேன். மூன்றாவது குழலில் “அப்பா, எத்தனை இருக்கு?” என்றாள். பத்து. முன்னால் நாலு, அதற்குப் பின்னால் மேலே இரண்டு, பின்பக்கம் நாலு. “ஏன் எல்லாத்திலயும் நாலு வைக்கல? ரெண்டு குறைச்சலா இருக்கே?” என்றாள். எடை தாங்காது என்று முதலில் போட்ட திட்டத்தைக் குறைத்தார்கள், கூடுதல் இரும்புக் கவசத்துக்கு இடம் விட்டார்கள் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டாள். ஆனால் நான்காவது குழலைத் தேய்க்கவில்லை.

படகிலும் குழலிலும் ஒரே பிள்ளைதான், ஒரே பொறுமைதான். படகில் அவளுக்கு உள்ளே ஆட்கள் உட்காரும் இடம் தெரிந்தது. குழலில் ஒன்றும் தெரியவில்லை. சோம்பல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தம்பி, உங்கள் கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்பதும் தெரிகிறது. குழலை நான்தான் தேய்த்தேன். தேய்க்காமல் விட்டால் நடுவில் அச்சுக்கோடு தெரியும், கப்பலே கெட்டுப்போகும். பிடிக்காத வேலையிலும் செய்தே ஆகவேண்டியது உண்டு. எது அப்படிப்பட்டது, எது இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அக்டோபர் 20, காலை 7:30
ஒன்று தோன்றியது. குறை கண்ணை உறுத்துகிறதா, இல்லாமை உறுத்துகிறதா என்று பார்க்கலாம். அச்சுக்கோடு, பசைத் தடயம், கோணலான கம்பம், ஒழுங்கில்லாத சாய ஓரம், இவை இருப்பதால் உறுத்துபவை. கட்டாயம் சரிசெய்யவேண்டும். கிராதி, கதவுக் கைப்பிடி, ஏணிப்படி, இவை இல்லாததால் யாரையும் உறுத்துவதில்லை, நமக்குத் தெரிந்திருப்பதால் நம்மை மட்டும் உறுத்துகின்றன. முதல் வகையில் சமரசம் வேண்டாம். இரண்டாம் வகையில் நம் விருப்பம்.

கோணலாக ஒட்டிய கிராதி இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்குத் தாவிவிடும். என் முன்பக்கம் அப்படித்தான் ஆனது.

நவம்பர் 5, இரவு 11:25
தீபாவளி முடிந்து இன்றைக்குத்தான் மேசையில் இடம் கிடைத்தது, முறுக்கு டின்கள் போன பிறகு.

வாட்டர்லைன் கிட்டா, முழு உடல் கிட்டா என்று கேட்டவருக்கு: நான் எப்போதும் வாட்டர்லைன்தான். கடல் மட்டத்துக்குக் கீழே எதுவும் கிடையாது, மேசைமேல் வைத்தால் தண்ணீரில் மிதப்பது போலவே இருக்கும். 1971இல் ஷிசுவோகாவின் நான்கு கம்பெனிகள், தமியா, அவோஷிமா, ஹசெகாவா, ஃபுஜிமி, சேர்ந்து 1/700இல் இந்த வரிசையை ஆரம்பித்தார்கள். யார் எந்தக் கப்பலைப் போடுவது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிற நமக்கு இது வரப்பிரசாதம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் நிஜத்தில் 227 மீட்டர். 1/700இல் 32 செ.மீ., புத்தக அலமாரியில் படுத்துக்கொள்ளும். 1/350 என்றால் 65 செ.மீ., அதற்குத் தனி அறை கேட்கும்.

இப்படி எழுதிவிட்டுக் கிட்டைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் தட்டை. ஒரு விஷயம் சுருக்கென்றது.

1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அந்தக் கப்பலை வீழ்த்திய அடி எங்கே விழுந்தது தெரியுமா? முதல் டார்பிடோ தாக்குதலிலேயே, இடது பக்கம், பின்னால், வெளிப்புறப் புரொப்பெல்லர் தண்டு வெளியே வரும் இடத்தில். தண்டு வளைந்தது. வளைந்த தண்டு சுழன்று சுழன்று, அது போகும் வழி நெடுக அடைப்புகளைக் கிழித்தது, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மின்சாரம் போனது, பின்பக்கப் பீரங்கிகள் செத்தன, கப்பல் சாய்ந்தது. அதற்குப் பிறகு விழுந்த டார்பிடோக்கள் ஏற்கெனவே முடங்கிய கப்பலின் மேல்தான் விழுந்தன.

மேல்தளத்தில் கதவுக் கைப்பிடி வரைக்கும் ஒட்டுகிறோம். அந்த இடம் நம் கிட்டில் இல்லவே இல்லை. எத்தனை பித்தளை வாங்கினாலும் அதை ஒட்ட முடியாது.

இதனால் முழு உடல் கிட்டுக்கு மாறப்போவதில்லை. ஆனால் ‘எல்லா நுணுக்கமும்’ என்று இனிமேல் வாய்கூசாமல் சொல்லமாட்டேன். எல்லாம் என்று ஒன்று இல்லை. எங்கேயாவது ஒரு கோட்டில் கப்பலை வெட்டித்தான் ஆகவேண்டும்.

நவம்பர் 6, காலை 7:20
கீழே ஒருவர் எழுதியதற்குப் பதில்: ஆமாம், அந்தப் புரொப்பெல்லர்களைக் கடலடியிலிருந்தே வெட்டி எடுத்துப் போயிருக்கிறார்கள் திருடர்கள். வெண்கலத்துக்காக. மலேசியாவின் குவாந்தான் அருகே பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் அன்று கூடவே மூழ்கிய ரிபல்ஸும் கிடக்கும் இடத்தை பிரிட்டன் 2001இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்த பிறகும் இது நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அது மயானம். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

நவம்பர் 23, இரவு 10:05
இந்த இழையில் நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. கிராதி பற்றிய பேச்சு அதை வெளியே இழுத்துவிட்டது.

என் தாத்தா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தார். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி வந்தவர். (யாராவது ரஜுலாவை 1/700இல் போட்டால் முதல் ஆளாக வாங்குவேன். நம்மவர்கள் எத்தனை ஆயிரம் பேர் அதில் வந்தார்கள்!) அவருக்குக் கப்பல் சுரண்டிச் சாயம் அடிக்கும் வேலை. 1938இல் திறந்த ஆறாம் ஜார்ஜ் உலர்துறையில், ஆயிரம் அடி நீளப் பள்ளத்தில், கயிற்றில் தொங்கும் பலகைமேல் உட்கார்ந்து வேலை செய்தவர். பங்குனி உத்திரத்துக்கு எங்களைப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது, அந்தக் காலத்தில் எது எங்கே இருந்தது என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவார்.

1941 டிசம்பர் 2 அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் வந்ததைப் பார்த்தவர் அவர். அப்போது பத்தொன்பது வயது. சின்ன வயதில் நான் கேட்பேன், பீரங்கி எவ்வளவு பெரிசு தாத்தா என்று. அவருக்குப் பீரங்கி ஞாபகம் இல்லை. சாயம் ஞாபகம் இருந்தது, திட்டுத் திட்டாக, தொழில்காரர் அல்லவா. அதற்கு மேல் ஒரே ஒரு காட்சி. வேலை முடிந்து வரும்போது பின்தளத்தில் கம்பியில் சாய்ந்துகொண்டு பையன்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். வெயிலில் முகமெல்லாம் சிவந்து போயிருந்தது. ஒருவன் இவரைப் பார்த்துக் கையை ஆட்டினான். இவரும் ஆட்டினார். “என் வயசுதான் இருக்கும்டா” என்பார். எட்டாம் தேதி விடியற்காலை சிங்கப்பூரில் முதல் குண்டு விழுந்தது, அன்று மாலை கப்பல் போய்விட்டது.

செப்டம்பர் 4 அன்று நான் என்ன எழுதினேன்? 700 மீட்டர் தூரத்திலிருந்து எந்தக் கிராதி தெரியும் என்று கேட்டேன். தாத்தா நின்றது 700 மீட்டரில் இல்லை. ஐம்பது மீட்டர் இருந்தால் அதிகம். மாதிரியில் அது 7 செ.மீ. மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கும் தூரம். அவர் பார்த்தது கிராதியைத்தான், அதில் சாய்ந்திருந்தவர்களைத்தான்.

மேல்தட்டிலிருந்து கப்பலை முடிப்பதற்காக இறக்கிவிட்டேன்.

நவம்பர் 30, இரவு 9:15
முன்பக்கத்தில் கோணலாக ஒட்டியிருந்த கிராதி முழுவதையும் பிய்த்து எடுத்தேன். விபூதிப் படலம் படிந்த இடத்தை நன்றாகத் தேய்த்துத் திரும்பச் சாயம் அடித்தாயிற்று. முன்பக்கம் இனி வெறுமையாகவே இருக்கும்.

பின்தளத்தில் மட்டும், வலப்பக்கம் மட்டும், 6 செ.மீ. கிராதி ஒட்டப்போகிறேன். எந்தப் பக்கம் பையன்கள் நின்றார்கள் என்று தாத்தா சொன்னதில்லை. வலப்பக்கத்தை நான் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. கப்பல் இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது எக்ஸ்பிரஸ் என்ற நாசகாரிக் கப்பல் வலப்பக்கம் வந்து அணைந்து நின்றது. அந்தப் பக்கக் கம்பியைத் தாண்டித்தான் நூற்றுக்கணக்கானவர்கள் அதில் ஏறித் தப்பினார்கள். பெரிய கப்பல் புரளும்போது அதன் அடிப்பக்கத் துடுப்பு எக்ஸ்பிரஸையே தூக்கிக் கவிழ்க்கப் பார்த்தது. கடைசி நொடியில்தான் விலகிப் போனது.

ஒரே பக்கம் கிராதி, மற்ற இடமெல்லாம் வெறுமை. ‘இது நியாயமா?’ என்று கேட்பீர்கள். போட்டிக்கு வைத்தால் மதிப்பெண் போகும். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

டிசம்பர் 1, மதியம் 12:40
எப்படி ஒட்டுகிறீர்கள் என்று கேட்டவருக்கு. இந்தத் தடவை சூப்பர் குளூ இல்லை. வெள்ளைப் பசை. தகட்டிலிருந்து வெட்டும் முன்பே சாயம் அடித்துக்கொள்ளுங்கள். தளத்து ஓரத்தில் பல்குத்தியால் பசையை ஒரு கோடாக இழுத்து, கிராதியை அதன்மேல் நிறுத்துங்கள். வெள்ளைப் பசை உடனே பிடிக்காது, நேராக்க ஐந்து நிமிடம் கொடுக்கும். தப்பானால் ஈரத் தூரிகையால் தொட்டால் போதும், வந்துவிடும். காய்ந்ததும் கண்ணுக்கே தெரியாது. பிடிப்பு குறைவுதான், ஆனால் கப்பலைத் தூக்கி எறியவா போகிறோம்? மூடி வைத்தாலும் வெள்ளை படியாது.

டிசம்பர் 10, இரவு 10:30
இன்றைக்கு முடித்தேன்.

6 செ.மீ. கிராதிக்கு இரண்டு மணி நேரம் ஆனது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முன்பு அதே வேலை என்னை அலமாரிக்கு விரட்டியது. இன்று நேரம் போனதே தெரியவில்லை. ஒரு தூண் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடியில் தெரிகிறது. விட்டுவிட்டேன்.

பிறகு ஆட்கள். பித்தளையில் வெட்டிய உருவங்கள் தட்டையாகத் தெரிந்ததால் ஒவ்வொன்றிலும் ஒரு துளி வெள்ளைப் பசை வைத்துக் கொஞ்சம் உருட்சியாக்கினேன். வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளை அரைக்கால் சட்டை. முகத்துக்குச் சதைநிறத்தில் ஒரு துளி சிவப்பு கலந்தேன், தாத்தா சொன்ன சிவப்பு.

ஏழு பேரை நான் ஒட்டினேன். எட்டாவது ஆளை மகள் ஒட்டினாள். இடுக்கி நுனியில் அவன் கையை மேலே வளைத்துவிட்டுத்தான் ஒட்டினாள்.

1941இல் இதே நாளில் இரண்டு கப்பலிலும் சேர்த்து 840 பேர் போனார்கள்.

டிசம்பர் 13, மாலை 6:10
தம்பி, உங்கள் படங்களைப் பார்த்தேன். கிராதி இல்லாமலே முடித்துவிட்டீர்கள், சுத்தமான வேலை. கம்பங்கள் நேர், சாய ஓரங்கள் நேர். பின்பக்கப் பீரங்கிக் கூண்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தது நன்றாக இருக்கிறது, யாரும் அப்படிச் செய்வதில்லை. அந்தக் கிராதித் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

பளபளப்பில்லாத மேட் வார்னிஷை இந்த வாரம் அடிக்கவேண்டாம். வெளியே விடாமல் மழை, காற்றில் ஈரம் அதிகம். லாக்கர் வகை வார்னிஷ் அடித்தால் வெளுத்துப் பனிபோல் படியும். இரண்டு நாள் வெயில் வரட்டும், மதியத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து, மெல்லியதாக இரண்டு பூச்சு அடியுங்கள்.